தட்டில் வைத்த சான்றிதழ்

பண்டார் தெங்காரா மாரியம்மன் கோயில் திருவிழாவில் அந்த வருஷம் அம்மனுக்கு விழுந்த மாலைகளைவிட டத்தோ டாக்டர் கமலநாதனுக்கு விழுந்த மாலைகள் அதிகம். அம்மன் அதைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. டத்தோவும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார். பந்தல் செலவு அவருடையது.

அவருக்கு டத்தோ பட்டத்தை எந்த மாநிலம் கொடுத்தது என்று கேட்டவர்கள் உண்டு. பதில் பெற்றவர்கள் இல்லை. டாக்டர் பட்டத்துக்குச் சாட்சிகள் இருந்தார்கள். ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் விருந்தில், பொரித்த கோழிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவே, கறுப்பு அங்கி போட்ட ஒருவர் அதை வழங்கினார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது மைக் கரகரத்ததால் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. பெர்மாஸ் ஜெயாவில் 'கருணைக்கரம்' என்று ஒரு தாதியர் கல்லூரி நடத்துகிறார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவரே எல்லா மேடையிலும் சொல்லிவிடுவார்.

அன்றைக்கு அவர் கோயில் செயலாளர் தங்கராஜுவை மேடைக்கு அழைத்தார். தங்கராஜு பக்கத்திலிருந்த செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடைபோட்டு அனுப்பும் வேலை பார்ப்பவர். வாரத்தில் ஆறு நாள் அவரை யாரும் 'திரு' போட்டு அழைப்பதில்லை. டத்தோ அழைத்தார். பொன்னாடை போர்த்தினார். போர்த்திய கையை எடுக்காமலே மைக்கில் சொன்னார்: "இவருடைய மகள் தாதியாக விரும்புகிறாள் என்று கேள்விப்பட்டேன். இன்று முதல் அவள் என் மகள்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மகள் ரூபினி அப்போது அன்னதான வரிசையில் கையில் சாம்பார் கரண்டியோடு நின்றிருந்தாள். தான் இன்னொருவருக்கு மகளாகிவிட்ட செய்தி அவளுக்கு ஒலிபெருக்கி வழியாகத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, செவ்வாக்கெழம எனக்கு ஜொகூர் பாருல இண்டர்வியூ. ஆஸ்பத்திரியே நடத்துற காலேஜ். ஒரிஜினல் சர்டிபிகேட் எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"இண்டர்வியூன்னா எடுத்தாலும் எடுப்பான், எடுக்காமலும் விடுவான். இங்க அதெல்லாம் கெடையாது. மேடையிலயே எடுத்தாச்சு."

"அதான்பா பயமா இருக்கு."

"என்னா பயம்? அத்தன பேரு முன்னாடி பொன்னாட போத்திட்டாரு. இனிமே போயி வேணாம்னு சொன்னா என்னா மரியாத?"

அவர் மனைவி தனலெட்சுமி செனாயில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்பவள். வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் பேசுவாள். ஆனால் நிற்கிறவர்களுக்கு வலிக்கும்.

"பொன்னாட உங்களுக்குத்தானே போத்துனாரு. நீங்களே போயி படிங்க."

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது, பார்க்க மட்டும்தான், என்று முடிவாயிற்று. அந்த முடிவு வெள்ளிக்கிழமை வரை உயிரோடிருந்தது. வெள்ளியன்று டத்தோவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. வரும்போது ஒரு தாம்பூலத் தட்டு கொண்டுவரவேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், பூ. நடுவில் பிள்ளையின் எஸ்பிஎம் பள்ளியிறுதிச் சான்றிதழ், ஒரிஜினல், ஓரத்தில் மஞ்சள் தடவி.

"தட்டு மாத்துறதா?" என்றாள் தனலெட்சுமி. "கல்யாணம் நிச்சயம் பண்ணுறதுக்குத்தானே தட்டு மாத்துவாங்க. காலேஜுக்கு எதுக்கு?"

"நம்ம பண்பாடு. கல்விங்கிறது அறிவோட நடக்குற கல்யாணம்னு டத்தோ சொல்றாரு."

"மாப்பிள வீட்டப் பத்தி விசாரிச்சீங்களா?"

தங்கராஜு சனிக்கிழமை குலாய் வரை போய்ப் புதிதாக ஒரு வெள்ளித் தட்டு வாங்கி வந்தார். தட்டு மாற்றிவிட்டுப் பின்வாங்கிய குடும்பத்தைப் பற்றி ஊரில் பத்து வருஷம் பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பேசுகிறவர்களில் அவரும் ஒருவர்.

ஞாயிறு காலை சாகா காரில் கிளம்பினார்கள். ரூபினி பின் சீட்டில் தட்டை மடியில் வைத்திருந்தாள். சான்றிதழ் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஆரஞ்சுகளுக்கு நடுவே கிடந்தது. செவ்வாய்க்கிழமை அது கையில் இருக்க வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவள் வேறெதுவும் யோசிக்கவில்லை.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவீட்டு வரிசையில் இருந்தது கருணைக்கரம். கீழே டயர் கடை. முதல் மாடி கல்லூரி. இரண்டாவது மாடி ஜன்னல்களுக்கு உள்ளிருந்து நீல பெயிண்ட் அடித்திருந்தது. படிக்கட்டில் ரப்பர் வாடையும் டெட்டோல் வாடையும் ஒன்றோடொன்று சண்டை போட்டன. மேலே போகப் போக இரண்டையும் தோற்கடித்துவிட்டு இன்னொரு வாடை இறங்கி வந்தது.

வாசலில் வெள்ளைச் சீருடையில் பெண்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். டத்தோ உள்ளிருந்து வெளிப்பட்டதும் அத்தனை பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: "வணக்கம் அப்பா."

தங்கராஜுவுக்கு மெய் சிலிர்த்தது. ரூபினிக்கும் சிலிர்த்தது, வேறு காரணத்துக்காக. யாரும் சிரிக்கவில்லை. இருபது வயதுப் பெண்கள் வரிசையாக நின்றால் ஒருத்தியாவது பக்கத்தில் இருப்பவளைக் கிள்ளுவாள். இங்கே ஒரு விரல்கூட அசையவில்லை.

"கைபேசிய இதுல போட்டுருங்க" என்று ஒருத்தி பிரம்புக் கூடையை நீட்டினாள். சட்டையில் யோகேஸ்வரி என்று பெயர் குத்தியிருந்தது. "அப்பாவோட ஒழுங்குமுறை."

தங்கராஜுவை மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டு, தாயையும் மகளையும் சுற்றிக்காட்ட யோகேஸ்வரியே அழைத்துப் போனாள். செய்முறை அறையில் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு பொம்மை நோயாளி. பொம்மை இன்னும் வாங்கிய பிளாஸ்டிக்கைவிட்டு வெளியே வரவில்லை. மூக்கின்மேல் தூசி. சுவரில் டத்தோவின் படங்கள் இருபதுக்குக் குறையாது. மனித உடலின் படம் ஒன்றுகூட இல்லை.

"போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரிக்குக்கா?" என்று கேட்டாள் ரூபினி.

"மேல."

இரண்டாவது மாடி வாசலில் இரும்புக் கம்பிக் கதவு. வெளிப்பக்கம் பூட்டு. யோகேஸ்வரி இடுப்பிலிருந்து சாவி எடுத்துத் திறந்தாள். அது டத்தோ நடத்தும் முதியோர் இல்லம். கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன, ஒருவர் புரண்டால் பக்கத்தில் இருப்பவர் மூச்சு மேலே படும். இரண்டு பெண்கள் ஒரு கிழவருக்குப் பெம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சு இல்லை. மூலையில் கேமரா ஒன்று சிவப்புக் கண்ணோடு இருந்தது.

"இங்கதான் போஸ்டிங்" என்றாள் யோகேஸ்வரி.

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போவீங்க?"

"அப்பா சொல்வாரு."

"தாதியர் வாரியப் பரீட்சை?"

"அப்பா சொல்வாரு."

தனலெட்சுமி தண்ணீர் கேட்ட ஒரு மூதாட்டியின் கட்டிலருகே நின்றுவிட்டாள். ரூபினியின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. கட்டிலில் ஒட்டிக் கிடந்த ஒரு பெரியவர்.

"புதுசாம்மா?"

"இல்ல தாத்தா. பாக்க வந்தேன்."

"எல்லாரும் பாக்கத்தான் வர்றாங்க" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வது மாதிரி. "மொதல்ல எங்கள மெதுவாத்தான் திருப்பிப் போடுவீங்க. கொஞ்ச மாசம் போனா கை கனமா விழும். ஒங்க மேல தப்பு இல்ல. தூக்கம் வேணும்ல."

யோகேஸ்வரி குனிந்து அவர் தலையணையைச் சரிசெய்தாள். கேமராவுக்கு முதுகு. உதடு அசையாமல் பேசினாள்.

"என்கூட சேந்தவ ஒருத்தி ஓடிட்டா. சர்டிபிகேட் இங்கயே இருக்கு. இப்ப மினிமார்க்கெட்ல நிக்கிறா. ஒருநா வந்து கேட்டா. அப்படி ஒண்ணு நீ குடுக்கவே இல்லைன்னுட்டாங்க. தட்டுல வச்சுதானே குடுத்தோம். யாரு எழுதி வாங்குனா?"

"நீங்க ஏன் இன்னும் இருக்கீங்க?"

"எனக்கும் சர்டிபிகேட் இல்லையே."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். முகம் மறுபடி வாசலில் நின்றபோது இருந்த முகமாகிவிட்டது.

மண்டபத்தில் தங்கராஜு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல் வரிசை 'தலைவர்களுக்கு' என்று ஒதுக்கியிருந்தது. அதனால் அவர் முகத்தில் கொஞ்சம் வாட்டம். தனலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொன்னாள்.

"எந்திரிங்க, போலாம். இது காலேஜ் இல்ல. கெழவன் கெழவிக்குக் கூலியில்லாம ஆளு புடிக்கிறான்."

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"தட்ட மாத்திட்டு அப்புறம் பேசிக்கலாம்."

"மாத்துனப்புறம் என்னாத்தப் பேசுறது? அங்க மேல வெளியில பூட்டு போட்டு வச்சிருக்காங்க. தீ கீ புடிச்சா என்னா ஆகும்?"

"நல்ல நாள்ல தீயப் பத்தி ஏன் பேசுற?"

அதற்குள் நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் வந்துவிட்டது. ரூபினிக்கு முன்னால் மூன்று குடும்பங்கள். ஒவ்வொன்றாக மேடையேறியது. தகப்பனார் தட்டை நீட்டுவார். டத்தோ இரண்டு கையாலும் வாங்கி, அதே போன்ற வேறொரு தட்டைத் திருப்பிக் கொடுப்பார். அதில் பழமும் அவருடைய படம் போட்ட நாள்காட்டியும் இருக்கும். கொடுப்பதற்கு முன் மைக்கைப் பெண்ணின் வாயருகே பிடிப்பார். சம்பிரதாயத்தில் ஒரு குறையும் வைப்பவர் அல்ல.

"மகளே, உனக்குச் சம்மதமா?"

"சம்மதம் அப்பா."

கைதட்டல். சான்றிதழ் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் போய்விடும். அந்த அறைக்கதவு ஒவ்வொரு முறையும் ஓசையில்லாமல் மூடியது.

"அடுத்து, பண்டார் தெங்காரா ஆலய உறுப்பினர் திரு. தங்கராஜு, குடும்பத்தோடு."

உறுப்பினர். மேடைப்படியில் தங்கராஜுவின் கால் ஒரு நொடி தயங்கியது. ஆனாலும் ஏறினார். டத்தோ தட்டின் ஒரு விளிம்பைப் பிடித்தார், தங்கராஜு மறு விளிம்பில். "இங்க பாருங்க, சிரிங்க" என்றார் படமெடுப்பவர். கேமராவைப் பார்த்துச் சிரிக்கும்படி ஐந்து வயதிலிருந்து பழக்கப்பட்ட ரூபினி சிரித்தாள். வெளிச்சம் வெட்டியது. மைக் வந்தது.

"மகளே, உனக்குச் சம்மதமா?"

"ஒண்ணு கேக்கணும் ஐயா."

"ஐயா இல்லம்மா. அப்பா."

"இங்க படிச்சவங்கள்ல எத்தன பேரு தாதியர் வாரியத்துல பதிஞ்ச நர்ஸா இருக்காங்க?"

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. யாரோ இருமினார்கள். கதவோரம் நின்ற யோகேஸ்வரி தரையைப் பார்த்தாள்.

டத்தோ சிரித்தார். மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"பாத்தீங்களா? கேள்வி கேக்குற பொண்ணு. இந்த மாதிரிப் பொண்ணுதான் நம்ம சமுதாயத்துக்கு வேணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். சற்று முன் பிள்ளைகளின் சான்றிதழைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மூன்று தகப்பன்மார்கள் மற்றவர்களைவிட ஓங்கித் தட்டினார்கள். கேள்விக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டால் பதில் தேவைப்படுவதில்லை. பல மேடைகளில் நின்று டத்தோ கற்ற பாடம் அது. அவருடைய டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு என்று ஏதாவது இருந்திருந்தால் அது இதுவாகத்தான் இருந்திருக்கும்.

மைக்கை அணைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "கைய எடுங்க தங்கராஜு. பொண்ணு வாய் கொஞ்சம் நீளம். இங்க வந்தா சரியாயிரும்."

தங்கராஜு கையை எடுக்கவில்லை.

"செயலாளர்" என்றார்.

"என்னது?"

"நான் உறுப்பினர் இல்ல. ஆலயச் செயலாளர்."

"எல்லாம் ஒண்ணுதான் லா. விடுங்க."

மகள் சொல்லித் திறக்காத கண், மனைவி சொல்லித் திறக்காத கண், அந்த ஒரு வார்த்தையில் திறந்தது. எல்லாம் ஒன்றுதான் என்றால் ஒன்பது வருஷமாகச் செயலாளராக இருந்து எதற்காக எல்லாருடைய ஏச்சையும் வாங்கினார்? தங்கராஜு தட்டை இழுத்தார். டத்தோவும் இழுத்தார். இரண்டு பெரிய மனிதர்கள் நாதஸ்வர இசையில் ஒரு வெள்ளித் தட்டுக்கு மல்லுக்கட்டினார்கள். ஆரஞ்சு ஒன்று உருண்டு முதல் வரிசைத் தலைவர் ஒருவரின் காலடிக்குப் போய் நின்றது. அவர் அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். தனலெட்சுமி நடுவில் கைவிட்டுச் சான்றிதழை உருவினாள். மகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தட்டை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வாசல் கூடையிலிருந்து கைபேசிகளை அள்ளிக்கொண்டு தங்கராஜுவும் பின்னால் வந்தார்.

கீழே சாகா காருக்குப் பின்னால் கல்லூரியின் வேன் குறுக்கே நின்றது. ஓட்டுநர் உள்ளே பல்குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வண்டிய கொஞ்சம் எடுங்க."

"அப்பா சொன்னாத்தான் எடுப்பேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எஞ்சினைக்கூட அணைத்துவிட்டார். டயர் கடை ஞாயிறு என்பதால் மூடிக் கிடந்தது. வெயில் தெருவைக் காலியாக்கியிருந்தது. மேலே நீல ஜன்னலை உள்ளிருந்து யாரோ மெதுவாகத் தட்டுகிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது.

டத்தோ தானே இறங்கி வந்தார், தனியாக. மாலையைக் கழற்றியிருந்தார். மாலை இல்லாமல் அவர் சின்னவராகத் தெரிவார் என்று ரூபினி எதிர்பார்த்திருந்தாள். தெரியவில்லை. வேன்காரருக்குத் தலையசைத்தார். வேன் நகர்ந்தது. கார் ஜன்னலருகே குனிந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"கோவம் வேணாம் செயலாளர். போயிட்டு வாங்க. படம் நல்லா வந்திருக்கு."

செவ்வாய்க்கிழமை ரூபினி இண்டர்வியூவுக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் சான்றிதழை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் என்ன மஞ்சள் கறை என்று கேட்டார். "சாமிக்கு வச்சதுங்க மேடம்" என்றாள். அதிகம் கேட்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் விடுதிக்கு வரச் சொன்னார்கள்.

புதன்கிழமை படம் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்தது. டத்தோவும் தங்கராஜுவும் ஆளுக்கொரு பக்கம் தட்டைப் பிடித்திருக்க, நடுவில் ரூபினி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்த வாசகம்: 'தம் மகளைக் கருணைக்கரத்திடம் ஒப்படைக்கும் பண்டார் தெங்காரா ஆலயச் செயலாளர் திரு. தங்கராஜு.'

"மறுப்புப் போடச் சொல்லுங்க" என்றாள் தனலெட்சுமி. "இல்ல, நீங்களாச்சும் கோயில்ல சொல்லுங்க."

சொல்லத்தான் போனார். கோயிலில் நாலு பேர் பத்திரிகையை விரித்து வைத்திருந்தார்கள். "செயலாளர்னு போட்டு வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றார் ஒருவர். தங்கராஜு பார்த்தார். நின்று நிதானமாகப் பார்த்தார். "பொண்ணு அங்க சேரல" என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. அங்கேயே நல்ல இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது என்று தனலெட்சுமி தொழிற்சாலை இடைவேளைகளில் விசாரித்துக்கொண்டிருந்தாள். ரூபினி தனக்குத் தெரிந்த பெண்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினாள். பாதிப் பேர், உனக்குப் பொறாமை, உன்னை அங்கே எடுக்கவில்லை போலிருக்கிறது என்று பதில் போட்டார்கள்.

விடுதிக்குக் கிளம்பும் வாரத்தில் ஒரு காலை, பக்கத்து வரிசை வீட்டு லோகேஸ்வரன் தன் மகள் தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தேன்மொழி வெள்ளைச் சீருடையில் இருந்தாள். தைத்தவர் கொஞ்சம் பெரிதாகத் தைத்திருந்தார்.

"அண்ணே, எல்லாம் ஒங்களாலதான்" என்றார் லோகேஸ்வரன். "ஒங்க படத்தப் பாத்துத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு. செயலாளரே குடுத்துருக்காருன்னா அப்புறம் என்னா. போன ஞாயிறு தட்டு மாத்தியாச்சு. இன்னைக்கி காலேஜ் வேன்ல அழைச்சிட்டுப் போறாங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

தேன்மொழி ரூபினியைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

"நீங்க லீவுல வந்திருக்கீங்களாக்கா? அன்னைக்கி அங்க ஒங்களக் கேட்டேன். மேல டியூட்டில இருக்கீங்க, இப்ப பாக்க முடியாதுன்னாங்க."

ரூபினி அவள் அருகே வந்தாள்.

"சர்டிபிகேட் குடுத்துட்டியா?"

"அன்னைக்கே குடுத்தாச்சேக்கா."

"ஏறாத தேன்மொழி. அங்க போவாத. நான் அங்க சேரவே இல்ல."

தேன்மொழி குழப்பமாகச் சிரித்தாள். லோகேஸ்வரன் தங்கராஜுவைப் பார்த்தார். இந்த மாதிரி விஷயத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணை நம்புவதா, செயலாளரை நம்புவதா என்ற சந்தேகம் அவருக்கு வரவில்லை. செயலாளர் என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் பார்த்தார்.

"என்னாண்ணே, பாப்பா இப்படிச் சொல்லுது?"

"சொல்லுங்க" என்றாள் தனலெட்சுமி அடுப்படியிலிருந்து. தோசைக்கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

தங்கராஜு கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதற்கு முன் செய்வதுபோலத் தொண்டையைச் செருமினார். தெருவில் ஹாரன் அடித்தது.

"அது... ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு எடம் ஒத்துக்கும், லோகேஸ்" என்றார். "நீ நேர்ல பாத்திருக்கல்ல."

லோகேஸ்வரனின் முகம் தெளிந்தது. தேன்மொழி செருப்பைக் கழற்றிவிட்டுத் தங்கராஜுவின் காலில் விழுந்தாள். அவர் கை அவள் தலைமேல் போயிற்று. ரூபினி அவள் தோளைப் பிடித்துத் தூக்கி, விடாமல் பிடித்துக்கொண்டாள். சீருடையின் புதுத்துணி விரல்களுக்குள் மொறமொறத்தது.

"விடுங்கக்கா" என்றாள் தேன்மொழி, இன்னும் சிரித்தபடியே. "கசங்கிடும். அப்பா திட்டுவாரு."

லோகேஸ்வரன் அவளைத் திட்டியே பழக்கமில்லாதவர். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேனை நோக்கி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.